பஃபலோவோடு நின்ற புகழ்

அன்புள்ள ஐயா,

ட்ராஜிக்கலி ஹிப் என்ற கனடா ராக் இசைக்குழுவைப் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்தேன். நான் 2015-ல் இங்கே வந்தவன். மிஸிசாகாவில் ஒரு கிடங்கில் வேலை. மறு வருடம் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை இரவு, பூங்காவில் பெரிய திரை கட்டி இவர்களின் கடைசிக் கச்சேரியைக் காட்டினார்கள். எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், அதிகம் பேசாத மனிதர், திரை முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். நியூஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா மகன் முப்பது வருடமாக ராக் கேட்பவன். அவனிடம் சொன்னால், "அப்படி ஒரு பேண்டா?" என்கிறான். அமெரிக்காவில் எடுபடவில்லை என்றால் சரக்கு அவ்வளவுதான், கனடாக்காரர்கள் சொந்த ஊர்ப் பாசத்தில் கொண்டாடுகிறார்கள் என்பது அவன் கட்சி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம்., மிஸிசாகா

அன்புள்ள எம்,

உங்கள் சித்தப்பா மகன் அந்தப் பெயரைக் கேள்விப்படாததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆனால் அதிலிருந்து அவர் போய்ச் சேரும் முடிவை என்னால் ஏற்க முடியாது.

நீங்கள் பார்த்தது 2016 ஆகஸ்ட் 20. பாடகர் கோர்ட் டவ்னிக்குக் குணப்படுத்த முடியாத மூளைப் புற்றுநோய் என்று அந்த மே மாதம்தான் அறிவித்திருந்தார்கள். அப்படியும் பதினைந்து கச்சேரிகளுக்குத் தேதி குறித்து மேற்குக் கரையிலிருந்து கிளம்பினார்கள். கடைசி இரவு, 1984-ல் குழு தொடங்கிய அதே கிங்ஸ்டன் ஊரில். ரியோ ஒலிம்பிக்ஸ் நடந்துகொண்டிருந்த நேரம். கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சி.பி.சி. அதை நிறுத்திவிட்டு, விளம்பரமே இல்லாமல் கச்சேரியை நேரலையில் காட்டியது. 1 கோடியே 17 லட்சம் பேர் பார்த்தார்கள். நாட்டின் மக்கள்தொகையே அப்போது 3 கோடியே 60 லட்சம் சொச்சம்தான். மூன்றில் ஒருவர். பாசத்தில் செய்தார்கள் என்று சொல்லலாம்தான். அந்தப் பாசம் எங்கிருந்து வந்தது என்பதல்லவா கேள்வி?

எனக்கு அது வந்த வழியைச் சொல்கிறேன். 1993-ல் டொரண்டோவில் ஒரு உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அலமாரி மேல் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு ரேடியோ, காலையிலிருந்து இரவு வரை ஓடும். ஒரே குரல் திரும்பத் திரும்ப வந்தது. கொஞ்சம் நடுங்குகிற, பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே நிற்கிற குரல். யார் என்று தெரியாது, வரிகள் புரியாது. ஆனால் ஆறு மாதத்தில் மெட்டு மனப்பாடமாகிவிட்டது.

அப்படி அது திரும்பத் திரும்ப வந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் வெள்ளத்தில் உள்ளூர்ப் பாட்டு மூழ்கிவிடும் என்று பயந்து, 1971 முதல் கனடா வானொலியில் பத்துக்கு மூன்று பாட்டு கனடாவுடையதாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். 1999 ஜனவரியிலிருந்து அது 35 சதவீதமானது. "பார்த்தீர்களா, திணித்ததுதானே" என்று உங்கள் சித்தப்பா மகன் சொல்லக்கூடும். அந்த விதி நூற்றுக்கணக்கான குழுக்களை என் காதில் போட்டது. பெரும்பாலானவற்றின் பெயர்கூட இன்று எனக்கு நினைவில்லை. கேட்க வைக்கத்தான் விதியால் முடியும், அழ வைக்க முடியாது.

ஒருநாள் ரேடியோவில் அதே குரல், ட்ராஜிக்கலி ஹிப்பின் 'ஃபிஃப்டி மிஷன் கேப்' பாட்டு போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சமையல்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இது யாரைப் பற்றித் தெரியுமா?" என்று கேட்டார். பில் பாரில்கோ. டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் ஐஸ் ஹாக்கி வீரர். 1951 ஏப்ரலில் கூடுதல் நேரத்தில் ஒரு கோல் போட்டு அந்த ஆட்டத்தின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்று கொடுத்தார். அந்தக் கோடையில் மீன்பிடிக்கப் போய்விட்டுச் சிறு விமானத்தில் திரும்பும்போது காணாமல் போனார். தேடாத இடமில்லை, கிடைக்கவில்லை. லீஃப்ஸ் மறுபடி கோப்பையை வென்றது 1962-ல். அதே வருடம்தான் வடக்கே காட்டுக்குள் விமானமும் அவர் எலும்புகளும் கிடைத்தன. டவ்னி இந்தக் கதையை ஒரு ஹாக்கி அட்டையிலிருந்து, வீரர்களின் படமும் விவரமும் போட்டு விற்கும் அட்டையிலிருந்து, எடுத்தார். அதைப் பாட்டிலேயே சொல்லியும்விடுகிறார். அட்டையில் அச்சிட்டிருப்பதுபோல அலங்காரமில்லாமல் தேதியும் விவரமும் சொல்லிக்கொண்டே போகும் பாட்டு அது. சமையல்காரருக்கு அவருடைய அப்பா சொன்ன கதை அது. அவர் எனக்குச் சொன்னார். அன்றைக்குத்தான் இந்த ஊரில் முதன்முறையாக ஒரு விஷயம் எனக்கும் சொந்தமானதுபோல் இருந்தது.

இதை வைத்து, "கனடா சமாச்சாரத்தைப் பாடினார்கள், அதனால் வெளியே புரியவில்லை" என்று பலரும் முடித்துவிடுவார்கள். அதுவும் போதாது. அவர்களுடைய மிகப் புகழ்பெற்ற பாட்டுகளில் ஒன்று, 1989-ல் வந்தது, நியூ ஆர்லியன்ஸ் மூழ்குவதைப் பற்றியது. அமெரிக்க நகரம்! அதையும் கனடாதான் தூக்கிப் பிடித்தது. இத்தனைக்கும் எம்.சி.ஏ. போன்ற பெரிய அமெரிக்க இசை நிறுவனம்தான் அவர்களை ஒப்பந்தம் செய்திருந்தது.

என் எண்ணம் இதுதான். ஹிப் பாட்டுகள் முதல் தடவையில் திறக்காதவை. டவ்னி பாதிச் செய்தியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிடுவார். ஐந்தாவது தடவை ஒரு வரி பிடிபடும், பத்தாவது தடவை இன்னொன்று. கனடாவில் அந்தப் பத்தாவது தடவை கிடைத்தது. வானொலி கொடுத்தது. அப்புறம் அவர்களே ஊர் ஊராகப் போனார்கள். ஹாக்கி அரங்குகளில் வாசித்தார்கள், 1993, 1995, 1997 கோடைகளில் மற்ற குழுக்களையும் கூட்டிக்கொண்டு பயண விழாவே நடத்தினார்கள். மேடையில் ஒரு பாட்டின் நடுவே வாத்தியங்களை மெல்ல ஓடவிட்டு டவ்னி புதிதாக ஒரு கதை சொல்ல ஆரம்பிப்பார். நேற்றுச் சொன்னது இன்று வராது. அதற்காகவே மறுபடி போவார்கள்.

அமெரிக்காவில் கிடைத்தது ஒரே ஒரு தடவை. 1995 மார்ச்சில் சாட்டர்டே நைட் லைவ் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. கிங்ஸ்டன் பக்கம் வீடுள்ள நடிகர் டான் அய்க்ராய்ட் வந்து அறிமுகப்படுத்தினார். லட்சக்கணக்கானவர்கள் பார்க்கும் நிகழ்ச்சி. எளிதில் பிடிக்கும் பழைய பாட்டு எதையும் எடுக்காமல், புதிய ஆல்பத்திலிருந்து இருண்ட இரண்டு பாட்டுகளை வாசித்தார்கள். ஒன்று கப்பல் மூழ்கி மனிதர்கள் சாவது பற்றியது. அருமையாக வாசித்தார்கள். ஆனால் முதல் தடவை கேட்பவர் அதோடு என்ன செய்வார்? கடைசிவரை அங்கே அவர்கள் வலுவாக இருந்தது பஃபலோ, டெட்ராய்ட் போன்ற எல்லையோர நகரங்களில்தான். அங்கும் கூட்டத்தில் பாதிப் பேர்போல, சின்ன அரங்கில் பக்கத்திலிருந்து பார்க்கலாமே என்று பாலம் தாண்டிப் போன கனடாக்காரர்கள். நானும் ஒருமுறை போயிருக்கிறேன். கார் நிறுத்துமிடத்தில் ஒண்டாரியோ நம்பர் பிளேட்டுகள்தான் கண்ணில் பட்டன.

இதற்கு நேர்மாறானது சீப் ட்ரிக் என்ற அமெரிக்க ராக் குழுவின் கதை. இல்லினாய்ஸ் மாநிலத்து ராக்ஃபர்ட்காரர்கள். சொந்த நாட்டில் அவர்களுடைய ஆல்பங்கள் சரியாகப் போகவில்லை. ஜப்பானில் இசைப் பத்திரிகைகள் படம் படமாகப் போட்டு இளம்பெண்களிடம் கொண்டு சேர்த்திருந்தன. 1978 ஏப்ரலில் டோக்கியோவின் புடோகான் அரங்கில் வாசித்ததை, ஜப்பானில் மட்டும் விற்பதற்காக அக்டோபரில் ஆல்பமாக்கினார்கள். அது இறக்குமதியாகி அமெரிக்கக் கடைகளில் விற்க ஆரம்பித்ததும் 1979-ல் அங்கேயும் வெளியிட்டார்கள். அமெரிக்க ஆல்பப் பட்டியலில் 4-வது இடம் வரை ஏறியது. 1977-ல் அமெரிக்கா கண்டுகொள்ளாத அதே பாட்டு, இப்போது பாட்டுப் பட்டியலில் 7-வது இடத்தில். மேடையில் வேகம் கூட்டி வாசித்திருந்தார்கள். அதோடு இந்தப் பதிவில் டோக்கியோப் பெண்களின் கூச்சல் இருந்தது. அவர்களுடையது முதல் தடவையிலேயே பிடித்துக்கொள்ளும் பாட்டு. யாராவது ஒருமுறை கேட்கச் செய்தால் போதும், அதை ஜப்பான் செய்தது. ஹிப்புக்கு அப்படி ஒரு கூச்சலால் எதுவும் ஆகியிருக்காது. அவர்களுக்குத் தேவைப்பட்டது வருடங்கள்.

ரமோன்ஸையும் நினைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் தொடங்கி, சொந்த நாட்டில் சிறிய அரங்குகளில் வாசித்தே காலம் தள்ளிய பங்க் ராக் குழு. 1996 மார்ச்சில் அர்ஜென்டினாவில், புவனஸ் அயர்ஸின் ரிவர் பிளேட் கால்பந்து மைதானத்தில் வாசித்தார்கள். சரக்கு இல்லை என்று அர்ஜென்டினாக்காரர்களிடம் போய்ச் சொல்ல முடியுமா?

டவ்னி 2017 அக்டோபர் 17-ல் இறந்தார். மறுநாள் பிரதமர் ட்ரூடோ கேமராக்கள் முன்னால் அழுதார். சிலருக்கு அது மிகையாகப் பட்டது, எனக்குப் படவில்லை. கிங்ஸ்டன் மேடையிலிருந்து, வடக்கே வாழும் பூர்வகுடி மக்களை இத்தனை காலம் பார்க்காமலேயே இருந்துவிட்டோம் என்று, அரங்கில் உட்கார்ந்திருந்த அதே பிரதமரை வைத்துக்கொண்டு சொன்னவர் டவ்னி. ஊர்ப் பெருமை பாடுகிற ஆளாக அவர் ஒருபோதும் இருந்ததில்லை.

நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் காரில் போனால் பாப்கேஜன் என்ற சிற்றூர் வரும். அந்தப் பெயரில் 1998-ல் அவர்கள் ஒரு பாட்டு போட்டார்கள். அந்த ஊரில் ஒரு இரவு, டொரண்டோவில் ஒரு இரவு, நடுவே வேலைக்குத் திரும்பும் ஒரு போலீஸ்காரர். போகும் வழியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு போங்கள். முடிந்தால் அந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் இந்தப் பாட்டை முதலில் எங்கே கேட்டார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.