லிங்க் கழற்றினால் செயின் புதிதாகாது

கேள்வி: என்னிடம் ஜப்பானிலிருந்து வந்த பழைய 250 சிசி ட்ரெயில் பைக் இருக்கிறது. கிழமை நாட்களில் கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போகிறேன். லீவு கிடைத்தால் கித்துல்கல சேறு, கற்பிட்டிக் கடற்கரை மணல். ஏழு மாதத்துக்கு முன்தான் புது செயின் போட்டேன். இப்போது கடகடவென்று சத்தம், செயினை இறுக்கும் அட்ஜஸ்டரும் கடைசிக்குப் போய்விட்டது. “ரெண்டு லிங்க் கழட்டினா சரி” என்கிறார்கள் கராஜில். கழற்றலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: கழற்ற வேண்டாம். இப்படிச் சில்லறை மிச்சம் பிடித்துவிட்டு, பிறகு அறுந்த செயின் முன் ஸ்ப்ரொக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) சுருண்டு எஞ்சின் கேஸையே உடைத்த பைக்கோடு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

செயின் இரும்பு. அது இழுபட்டு நீளாது. ஒவ்வொரு லிங்க்கிலும் ஒரு பின் (சின்ன இரும்பு ஆணி), அதைச் சுற்றி ஒரு புஷ் (குட்டிக் குழாய்). இரண்டும் உரசித் தேய்ந்து நடுவில் மயிரிழை ஆட்டம் விழுகிறது. நூற்றுச் சொச்சம் லிங்க்கிலும் விழுந்த அந்த ஆட்டம் ஒன்றுசேர்ந்ததைத்தான் ‘செயின் நீண்டுவிட்டது’ என்கிறோம். இரண்டைக் கழற்றினால் மொத்த நீளம் குறையும், மிச்சம் அத்தனையும் தேய்ந்தபடியேதான் இருக்கும். ஸ்ப்ரொக்கெட் பல்லுக்கு அது இனிப் பொருந்தாது. பல்லின் மேலே ஏறி ஏறி ஓடி, பல்லைக் கொக்கியாகத் தேய்த்து, ஒரு நாள் ஏற்றத்தில் வழுக்கும்.

கராஜை நம்பாமல் நீங்களே பார்க்கலாம். பின் ஸ்ப்ரொக்கெட்டின் கடைக்கோடியில், அதாவது பின் டயர்ப் பக்கம், செயினை இரண்டு விரலால் பிடித்து வெளியே இழுங்கள். பல்லின் பாதிக்கு மேல் தெரிந்தால் செயின் முடிந்தது. இன்னும் சரியாகத் தெரிய வேண்டுமா, ஸ்கூல் அடிமட்டமே போதும். செயினின் கீழ்ப்பகுதியை விறைப்பாக இழுத்து வைத்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து 21-ஆவது பின்னின் நடு வரை அளந்து பாருங்கள். 250 சிசி ட்ரெயில் பைக்குகளில் பெரும்பாலும் 520 என்ற அளவுச் செயின்தான், பிளேட்டிலேயே அடித்திருக்கும். புதிதில் இந்த நீளம் 317.5 மில்லிமீட்டர். 321-ஐத் தொட்டுவிட்டால் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் தேய்மானம், மாற்ற வேண்டியதுதான். சில்லைச் சுழற்றி, செயினின் மூன்று நாலு இடத்தில் அளந்து பாருங்கள், ஏனென்றால் எல்லா இடமும் ஒரே சீராகத் தேயாது. பின்களின் ஓரத்தில் செங்கல் நிறத்தில் தூள் கசிந்தால் உள்ளே கிரீஸை அடைத்து வைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் போய்விட்டது, கிரீஸ் வற்றிவிட்டது. அதற்கு மேல் எந்த ஸ்ப்ரேயும் காப்பாற்றாது.

லிங்க் கழற்றுவது சரியான வேலையாக இருக்கும் இடம் ஒன்றே ஒன்று: புது செயின் போடும்போது. கடையில் பெட்டியில் வருவது பெரும்பாலும் 120 லிங்க். உங்கள் பைக்குக்கு அவ்வளவு தேவைப்படாது, வெட்டித்தான் போட வேண்டும். அப்போதும் ஒற்றையாக வெட்ட முடியாது. உள் லிங்க் ஒன்று, வெளி லிங்க் ஒன்று என்று மாறி மாறித்தான் செயின் இருக்கிறது, ஆகவே சோடி சோடியாகத்தான் போகும். ஸ்ப்ரொக்கெட்டைப் பல் குறைந்ததாக மாற்றிப் புது செயின் போட்டாலும் இதே கணக்கு. ‘நீங்களே வெட்டலாம் என்று எழுதினீர்களே’ என்று யாரும் பிறகு வரக்கூடாது என்பதால் திரும்பச் சொல்கிறேன்: புது செயினை அளவுக்கு வெட்டலாம், தேய்ந்த செயினை வெட்டக்கூடாது.

சரி, ஏழே மாதத்தில் ஏன் போனது? நீங்கள் எழுதாத ஒன்றை நான் ஊகிக்கிறேன்: செயினை மட்டும் மாற்றி, ஸ்ப்ரொக்கெட் இரண்டையும் பழையதாகவே விட்டிருப்பார்கள். தேய்ந்த பல் புது செயினைத் தின்றுவிடும். மூன்றையும் சேர்த்து செட்டாகத்தான் மாற்ற வேண்டும். மற்றது, இறுக்கம். நகரத்துக் கராஜ்காரருக்குத் தெரிந்ததெல்லாம் சின்ன ரோட் பைக். உங்களுடையதில் பின் சஸ்பென்ஷன் நிறைய இறங்கி ஏறும். முன் ஸ்ப்ரொக்கெட், ஸ்விங் ஆர்ம் (பின் சில்லைத் தாங்கும் கை) போல்ட், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும்போதுதான் செயின் மிக இறுகும். இரண்டு நண்பர்களைச் சீட்டில் ஏற்றி அந்தக் கோட்டுக்கு இறக்கி, அப்போதும் செயின் கொஞ்சம் ஆடுகிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள். ஆடாவிட்டால் மேட்டில் குதிக்கும் ஒவ்வொரு தடவையும் செயினையும் கியர்பொக்ஸ் பெயாரிங்கையும் நீங்களே இழுத்துப் பிய்க்கிறீர்கள். வெறுமனே நிற்கும்போது செயின் தொய்ந்து தெரிவது இந்த வகைப் பைக்கில் குறையே அல்ல. எத்தனை மில்லிமீட்டர் என்பது ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரிலோ மனுவலிலோ இருக்கும்.

கற்பிட்டியிலிருந்து வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ஆனால் சேர்விஸ் நிலையத்து பிரஷர் கன்னை செயினில் நேராக அடிக்க விடாதீர்கள். பெட்ரோலும் கம்பி பிரஷும் ஓ-ரிங்கைக் கெடுக்கும், மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும். காய்ந்தபின் செயினுக்கென்று விற்கும் லூப் எண்ணெயோ 80/90 கியர் ஒயிலோ உட்பக்கம் மெல்லியதாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். டப்பாவில் எடுத்து வைத்த பழைய எஞ்சின் ஒயிலை ஊற்றுகிறார்களே, அது எண்ணெய் அல்ல, கரியும் இரும்புத் தூளும் கலந்த அரைக்கும் பசை. பைக்கை கியரில் ஓடவிட்டுத் துணியைப் பிடிக்கும் பையன்களைக் கண்டால் உடனே நிறுத்துங்கள். விரல் போய்விடும்.

அப்புறம் கொழும்பின் பார்ட்ஸ் கடைத்தெருவான பஞ்சிகாவத்தை. கடை வாசலுக்குப் போகுமுன்பே “என்ன பார்ட்ஸ் அண்ணே?” என்று கூடவே நடப்பவரை விட்டு விலகுங்கள். அவர் காட்டும் கடையில் அவருடைய கமிஷனும் உங்கள் பில்லில்தான் ஏறும். பெட்டியைத் திறக்காமல் காசு கொடுக்காதீர்கள். பெட்டியில் ஓ-ரிங் என்று இருக்கும், உள்ளே வெறும் செயின் இருக்கும். பிளேட்டுகளுக்கு நடுவே கறுப்பு வளையம் எல்லா லிங்க்கிலும் தெரிகிறதா, கம்பனிப் பெயரும் 520-உம் துலக்கமாக அடித்திருக்கிறதா என்று பாருங்கள். ‘ரேசிங்’ என்று நீட்டும் அலுமினிய ஸ்ப்ரொக்கெட் உங்களுக்கு வேண்டாம், ஸ்டீல் வாங்குங்கள்.

இந்த நாட்டில் தண்ணீர்ப் போத்தலைக் கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்றால் தண்டம் உண்டு. போலி செயின் விற்றவனைத் தேடி யார் வருகிறார்கள்? வருடா வருடம் புகைப் பரிசோதனை செய்துதான் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கிறோம். குழாயில் கருவியைச் செருகுவதோடு சரி, ஓரடி தள்ளி இருக்கும் செயினைக் குனிந்து பார்க்க ஒருவருமில்லை.

ஆகவே செட்டை நீங்களே வாங்கிக் கொடுத்து, பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். செயினின் இரு முனையையும் இணைப்பது கிளிப் போட்ட லிங்க் என்றால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் பழைய செயினையும் ஸ்ப்ரொக்கெட்டையும் கேட்டு வாங்கிக் கையோடு கொண்டு வாருங்கள். அங்கேயே விட்டால், இரண்டு லிங்க் கழற்றி வேறு யாராவது ஒருவரின் பைக்கில் ஏற்றிவிடுவார்கள்.