மூழ்கிய கப்பலின் தட்டு என்று விற்றவரிடம் பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் பழம்பொருள் கடையொன்றில், 1752இல் மூழ்கிய கப்பலின் ‘நான்கிங் கார்கோ’ சரக்கு என்று ரசீதிலும் எழுதித் தந்த நீலவெள்ளைச் சீனப் பீங்கான் தட்டை 1,800 பவுண்டுக்குக் கிரெடிட் கார்டில் வாங்கினேன். அதன் அடியில் ‘சைனா’ என்ற ஆங்கில முத்திரை மங்கலாகத் தெரிகிறது. ‘விற்ற பொருளுக்குப் பணம் தரப்படாது’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் கடைக்காரர் காட்டுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் வழக்குக்கு அந்த முத்திரையே முதுகெலும்பு, அதைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். சீனாவின் கான்டன் துறைமுகத்திலிருந்து தேயிலையும் பீங்கானும் ஏற்றி நெதர்லாந்துக்குப் புறப்பட்ட ‘கெல்டர்மால்சன்’ என்ற டச்சுக் கப்பலின் சரக்கே ‘நான்கிங் கார்கோ’; அதை மூழ்கிய கப்பல்களைத் தேடி மீட்பவரான மைக்கேல் ஹேட்சர் 1985இல் மீட்டெடுக்க, மறு ஆண்டு கிறிஸ்டிஸ் நிறுவனம் ஆம்ஸ்டர்டாமில் அதை ஏலம் விட்டது. ஏற்றுமதிப் பொருளில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பொறிக்கும் வழக்கமோ, 1891இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சுங்கச் சட்டத்தை ஒட்டிப் பரவியது; 1752இல் மூழ்கிய தட்டில் அது இருக்க வழியில்லை. தட்டின் பளபளப்பைக் காட்டி வாதிடாதீர்கள். தேயிலைக்குள் புதைந்து கிடந்த அசல் தட்டுகளிலும் மெருகு குன்றாதவை பல உண்டு.

வணிகர் விற்கும் பொருள் அவர் தந்த விவரணைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது நுகர்வோர் உரிமைகள் சட்டம், 2015இன் 11ஆவது பிரிவு. அப்பொறுப்பை ரசீது வாசகத்தால் தட்டிக்கழிக்க 31ஆவது பிரிவு இடம் தருவதில்லை. உடனடியாக நிராகரிப்பதற்கான 30 நாள் கடந்துவிட்டாலும், இத்தகைய குறையைப் பழுதுபார்த்தோ மாற்றுப் பொருள் தந்தோ சரிசெய்ய இயலாது என்பதால், தட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறவோ, வைத்துக்கொண்டு விலைக்குறைப்புப் பெறவோ 24ஆவது பிரிவின்படி கோரலாம். ஆனால் ஆறு மாதம் தாண்டிவிட்டதால் குறையை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. பயன்பாட்டுக்கென ஒரு தொகையைக் கழிக்கவும் கடைக்காரர் முயலலாம். ஆகவே, சீனப் பீங்கான் நிபுணர் ஒருவரின் எழுத்துப்பூர்வ அறிக்கையை முதலில் பெறுங்கள்.

அறிக்கையுடன் கடைக்காரருக்குக் கடிதம் எழுதும்போதே, கார்டு வழங்கிய வங்கிக்கும் எழுதுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான பொருளுக்கு, நுகர்வோர் கடன் சட்டம், 1974இன் 75ஆவது பிரிவு வங்கியையும் கூட்டுப் பொறுப்பாளியாக்குகிறது. கடையோடு மல்லுக்கு நிற்பதைவிட இவ்வழியே பெரும்பாலும் எளிது.

வழக்கிட ஆறாண்டு அவகாசம் உண்டென்று ஆறப்போடாதீர்கள். ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வரைந்தது என்று நம்பி 1944இல் ஓவியம் வாங்கி, ஐந்தாண்டு கழித்து உண்மை அறிந்தவர், ஒப்பந்தத்தை ரத்துசெய்யும் உரிமையைக் காலதாமதத்தாலேயே 1950ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இழந்தார். வங்கியும் மறுத்தால், 10,000 பவுண்டு வரையிலான சிறு உரிமைக்கோரல் நடைமுறையில், வழக்கறிஞர் இல்லாமலேயே கவுன்டி நீதிமன்றத்தை நீங்கள் அணுகலாம்.