பிள்ளைகள் இருக்கட்டும், முதலில் நீங்கள் போங்கள்

அரிசி களையும்போது ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மெல்கிறேன், நிறுத்த முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில், அதுவும் அடைப்புக்குறிக்குள். எத்தனை மாதமாக அம்மா?

நான்கு பக்கக் கடிதம். வீட்டுக்காரருக்கு வேலை போய் எட்டு மாதம், சாப்பாட்டுச் செலவைப் பாதியாகக் குறைத்தாயிற்று, பால் குறைந்துவிட்டது, கறியும் மீனும் அடியோடு நின்றுவிட்டன. பிள்ளைகளின் மூளை வளர்ச்சி பாதிக்குமா, எந்தச் சத்து பவுடர் வாங்கலாம், நகத்தில் வெள்ளைப் புள்ளி எதனால் என்று மூன்றரைப் பக்கம். உங்கள் உடம்பைப் பற்றி இரண்டே வரி. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம், வயதாகிறது போலிருக்கிறதாம். உங்கள் வயது 33. இந்த வயதில் முதுமையால் யாருக்கும் மூச்சு வாங்காது.

வேகாத அரிசி, ஐஸ் கட்டி, மண், சாக்பீஸ் என்று எதையாவது மென்றுகொண்டே இருக்கத் தோன்றுவதற்கு மருத்துவத்தில் பைக்கா என்று பெயர். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். என்னிடம் வந்த ஒருவர் கைக்குட்டையில் அரிசியை முடிந்து வைத்துக்கொண்டு, நான் மருந்துச் சீட்டு எழுதும் நேரத்தில்கூட இரண்டு அரிசி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கெட்ட பழக்கம் என்று வீட்டில் திட்டியிருக்கிறார்கள். இரும்புச்சத்து ஏறத் தொடங்கிய சில வாரங்களில் அந்த முடிச்சு தானாகக் காணாமல் போனது.

உங்களுக்கு அரிசி மெல்லும் ஆசையோடு மூச்சு வாங்கலும் சேர்ந்திருக்கிறது. உடம்பு முழுக்க ஆக்சிஜனைச் சுமப்பது ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின். அது குறைந்தால் இருக்கிற கொஞ்சத்தையே இதயம் வேகவேகமாகச் சுற்றிவர வைக்க வேண்டும். படி ஏறும்போது நெஞ்சு அடித்துக்கொள்வது அதனால்தான். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, 8க்குக் கீழே என்றால் கடுமையானது. உங்களுடையது எங்கே நிற்கிறது என்று கடிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு சின்னக் குழாய் ரத்தம் சொல்லிவிடும். இந்த வாரத்துக்குள் கொடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ வாரம் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.

ஏன் வந்தது என்பதற்குப் பாதி பதிலை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு பாத்திரத்தில் மிஞ்சுவது உங்களுக்கு. முட்டை பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும். உங்களுக்கு மட்டும் சோற்றோடு கொஞ்சம் பருப்புத் தண்ணீர், அப்புறம் பசியை அடக்க ஒரு டம்ளர் டீ. மாதாமாதம் ரத்தம் இழக்கிற ஒரே ஆள் அந்த வீட்டில் நீங்கள்தான், கடைசியாகச் சாப்பிடுவதும் நீங்கள்தான். மீதிப் பாதியை நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன். மாதவிடாய் 7 நாளுக்கு மேல் நீள்கிறதா? ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? கட்டி கட்டியாகப் போகிறதா? நாள் தள்ளிப்போயிருக்கிறதா? பதில்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். நேரில் கூச்சத்தில் பாதி மறந்துவிடும்.

தயவுசெய்து மருந்துக்கடையில் இரும்பு மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். அந்த மாத்திரையே கெடுதல் என்று சொல்லவில்லை, பெரும்பாலும் நானும் அதைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் ரத்தம் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. பிறவியிலேயே தலசீமியா கூறு (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் குறை) உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகவே காட்டும், அவர்களுக்கு இரும்பு தேவையே இல்லாமல் இருக்கலாம். சிலருக்கு வைட்டமின் பி12 குறைவாக இருக்கும். உங்கள் மாத்திரையில் பாதியை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. மிட்டாய் மாதிரி பளபளக்கும் அந்த மாத்திரைகளைச் சின்னக் குழந்தை ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எழுதிக் கொடுத்து வாங்கினாலும் எட்டாத உயரத்தில் வையுங்கள். எடுக்கும்போது மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் கையிருப்பு நிரம்ப இன்னும் சுமார் 3 மாதம் தொடர வேண்டும். எல்லோரும் இடறி விழுவது அங்கேதான்.

சரி, பிள்ளைகள். சோறு, பருப்பு, வாரத்தில் நாலைந்து முட்டை, ஏதாவது ஒரு காய், எப்போதாவது வாழைப்பழம் என்று பட்டியல் போட்டு, ‘இதெல்லாம் ஒரு சாப்பாடா டாக்டர்’ என்று கேட்கிறீர்கள். சாப்பாடுதான். தானியத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் தாராளமாக இருக்கிறது, பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். நாலு வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடிப் பருப்பில் அதே அளவு, மீதியைச் சோறே கொடுத்துவிடும். நீங்கள் அவர்கள் மூளையை ஒன்றும் கெடுத்துவிடவில்லை.

நகத்தின் வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் எங்கேயோ இடித்துக்கொண்டதன் தடம், கால்சியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழுப்பு முட்டைக்கும் வெள்ளை முட்டைக்கும் ஓட்டின் நிறம்தான் வித்தியாசம், பழுப்பு முட்டைதான் சத்து என்று நீங்கள் பார்த்த வீடியோவை மறந்துவிடுங்கள். சத்து பவுடர் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள், பலவற்றில் முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை வந்துவிடும். அந்தக் காசுக்கு வேர்க்கடலை வாங்குங்கள். 100 கிராமில் 25 கிராம் புரதம் இருக்கிறது. மகனுக்கு முழுசாகக் கொடுக்காமல் பொடித்துக் கொடுங்கள், அந்த வயதில் தொண்டையில் சிக்கும்.

மகன் ஒல்லி என்பது எனக்குக் கவலையில்லை, எடை ஏறாமல் நிற்பதுதான் கவலை. வளர்ச்சி அட்டையில் அவன் எடை தன் கோட்டிலேயே மேலே போகிறதா என்று பாருங்கள். கோட்டை விட்டு இறங்கினாலோ, இரண்டு பாதமும் வீங்கினாலோ உடனே தூக்கிக்கொண்டு போங்கள். மற்றபடி, நீர்த்த கஞ்சியால் வயிற்றை நிரப்பாமல் கெட்டியாகக் கொடுத்து, மேலே ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். சின்ன வயிற்றில் இடம் குறைவு.

உங்கள் தட்டுக்கு வருகிறேன். டீயைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள், முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளுங்கள். தானியம், பருப்பு, கீரையில் இருக்கும் இரும்பை டீ பிடித்து வைத்துக்கொள்ளும். பருப்பை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்துகொண்டால் அதே இரும்பு கூடுதலாக உடம்பில் சேரும், இதற்குப் பெரிய செலவில்லை. பயறு வகைகளை ஊறவைத்து முளைகட்டினாலும் நல்லது. கீரை சாப்பிடுங்கள், ஆனால் கீரையாலேயே ரத்தம் ஏறிவிடும் என்று மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். கறி வாங்க முடிகிற அபூர்வமான நாளில் ஈரல் வாங்குங்கள். இரும்பும் பி12ம் அதில் அதிகம். நாள் தள்ளிப்போயிருந்தால் மட்டும் ஈரல் வேண்டாம், கர்ப்பமாக இருந்தால் கருவுக்கு ஆகாத அளவு வைட்டமின் ஏ அதில் மிதமிஞ்சி இருக்கிறது.

அப்புறம், முட்டை. நாலில் ஒன்று உங்களுடையது. பிள்ளைகள் வாயிலிருந்து பிடுங்குவதாக நினைக்காதீர்கள், வீட்டுக்காரரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

இந்த ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. சாப்பிட்டுவிட்டே போங்கள்.