அடியில் ‘18’ இருந்தால் பதினெட்டாம் நூற்றாண்டா?

கேள்வி: தக்கலையில் ஓர் ஆக்கர் (பழைய சாமான்) கடையில் கரும்பச்சைக் கண்ணாடிக் குப்பி ஒன்று பார்த்தேன். உதயகிரிக் கோட்டைப் பக்கம் மண்ணில் கிடைத்ததாம். அடியில் ‘18’ என்று இருப்பதால் டிலனாய் காலத்து டச்சுக் குப்பி என்று சொல்லி 6,000 ரூபாய் கேட்கிறார். இரு பக்கமும் மெல்லிய கோடு ஓடி, வாய்க்குச் சற்றுக் கீழே மறைகிறது. அடிப்பாகம் வழவழப்பாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம்.

டச்சுத் தளபதி டிலனாய் திருவிதாங்கூரிடம் பிடிபட்ட குளச்சல் போர் நடந்தது 1741இல். அந்தக் காலத்து மதுக் குப்பிகளை அச்சில்லாமல் ஊதினார்கள். அல்லது கிணறு போன்ற அச்சுக்குள் இறக்கி ஊதி, மேலே உருவி எடுத்தார்கள். அச்சு இரண்டாகப் பிளந்து திறந்தால்தானே உடலில் கோடு விழும்? மேலும், வாயைச் செய்யும்போது குப்பியின் அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு அதை முறித்தெடுத்த இடம் சொரசொரப்பான வடுவாக நிற்கும். உங்கள் குப்பியில் கோடு உண்டு, வடு இல்லை. டிலனாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘18’ என்பது பெரும்பாலும் அச்சின் எண்தான். அதை நூற்றாண்டாக்கியது வியாபாரியின் சாமர்த்தியம்.

அடுத்த முறை போகும்போது கோட்டின் மேல் விரல் நகத்தை வைத்துக் கீழிருந்து மேலே மெல்ல இழுத்துப் பாருங்கள். வாய் விளிம்புக்கு அடியில் கோடு வெட்டினாற்போல் நின்றால், வாய்க்குத் தனியாகக் கண்ணாடி வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அது மூத்த முறை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மறைந்தால், சூடான கழுத்தில் கருவியை விட்டுச் சுழற்றி வாயைச் செய்திருக்கிறார்கள். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் கழுத்தைச் சுற்றி மயிரிழை போன்ற வளையங்கள் தெரியும். இது 1880களிலிருந்து முதல் உலகப்போர்க் காலம்வரை அமெரிக்க ஆலைகளில் வழக்கமாக இருந்தது. மற்ற இடங்களில் இன்னும் சில காலம் நீடித்தது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் குப்பி இந்த வகை என்றே நினைக்கிறேன். சில நூறு ரூபாய்க்கு மேல் நான் கொடுக்கமாட்டேன்.

கோடு வாயின் உச்சியையும் தாண்டிப் போனால் அநேகமாக இயந்திரக் குப்பி. அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் தானியங்கி இயந்திரத்தை உருவாக்கிய 1903க்குப் பிந்தியது. ஆனால் கோடே இல்லையென்றால் உடனே 1741 என்று துள்ள வேண்டாம். அச்சுக்குள்ளேயே குப்பியைச் சுழற்றிக் கோட்டை அழிக்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுக் குப்பிகளுக்குச் சாதாரணமாக இருந்தது. அவற்றிலும் சுற்றுவாக்கில் மெல்லிய கீறல்கள் தெரியும்.

விலை குறைந்து வாங்கிவிட்டால், கதம்பை நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மேலே வானவில் நிறத்தில் மின்னும் படலம் அழுக்கல்ல. நெடுநாள் ஈர மண்ணில் கிடந்த கண்ணாடியே அப்படி ஏடு ஏடாகப் பிரிகிறது. வெறும் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.