ஓபனிலிருந்து ஒரே நாளில் மல், அயோனா, ஸ்டாஃபா மூன்று தீவுகளையும் பார்த்துவிட முடியுமா?

(கேட்டவர் ஜூன் மாதம் வயதான அப்பா அம்மாவுடன் ஸ்காட்லாந்து போகிறார். ஓபனில் தங்குகிறார், தீவுக்கென்று கையில் ஒரு நாள்தான் இருக்கிறது. சைவச் சாப்பாடு கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறார்.)

முடியும். மூன்றையும் சேர்த்துக் காட்டும் ஒருநாள் சுற்றுலாக்கள் ஓபனிலேயே இருக்கின்றன. ஆனாலும் என்னைக் கேட்டால், இந்த முறை ஸ்டாஃபாவை விட்டுவிடுங்கள், அந்த நேரத்தையும் அயோனாவுக்கே கொடுங்கள் என்பேன். நான் கிளாஸ்கோவில் இருப்பதால் ஊரிலிருந்து வருகிறவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போவது வழக்கம். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

பயணக் கணக்கைப் பாருங்கள். ஓபனிலிருந்து மல் தீவின் கிரெய்க்நியூர் துறைக்குக் கால்மேக் என்ற நிறுவனத்தின் கப்பலில் ஏறக்குறைய 50 நிமிடம். அங்கிருந்து தீவின் மறுமுனையான ஃபின்னஃபோர்ட் வரை சுமார் 60 கி.மீ. பஸ், ஒன்றேகால் மணி நேரம். அப்புறம் ஒரு சின்ன ஃபெரியில் பத்து நிமிடம், அயோனா. காத்திருப்பதையும் சேர்த்தால் போகவே மூன்று மணி நேரம் ஓடிவிடும், திரும்பவும் அதே அளவு. ஸ்டாஃபாவுக்குப் போய்வர இன்னொரு மூன்று மணி நேரத்தைக் கொடுத்தால் அயோனாவில் அவசர அவசரமாகச் சுற்றத்தான் நேரமிருக்கும்.

ஸ்டாஃபா பார்க்க வேண்டிய இடம்தான், அதில் சந்தேகமே இல்லை. எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகியபோது உண்டான அறுகோணக் கருங்கல் தூண்கள், அவற்றுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்து முழங்கும் ஃபிங்கல் குகை. 1829-இல் அங்கே போன ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் அதன் தாக்கத்தில் ‘ஹெப்ரிடீஸ் ஓவர்ச்சர்’ என்ற இசைப் படைப்பை எழுதினார். ஆனால் அலை அதிகமாக இருந்தால் இறங்க விடமாட்டார்கள். இறங்கினாலும் உடைந்த தூண்களின் தலைமேல் கால் வைத்துத்தான் குகை வரை நடக்க வேண்டும். முட்டிவலி இருப்பவர்களுக்கு அது சரிப்படாது.

இனி நாளைத் தொடங்குவோம். காலையில் கிளம்பும் முதல் கப்பல்களில் ஒன்றைப் பிடியுங்கள். காரில் போவதானால் கோடையில் முன்பதிவு செய்யாமல் இடம் கிடைப்பது கஷ்டம். ஆனால் வெளியூர்க்காரர்கள் அனுமதி இல்லாமல் அயோனாவுக்குள் கார் கொண்டுபோக முடியாது, அதனால் பஸ்ஸே போதும். கப்பலில் ஏறியதும் உள்ளே உட்கார்ந்துவிடாதீர்கள். அம்மாவுக்கு ஒரு சால்வையைப் போர்த்திவிட்டு மேல்தளத்துக்கு வாருங்கள். அரை மணி நேரம் கழித்து வலப்பக்கம் வெள்ளையாக லிஸ்மோர் கலங்கரை விளக்கம் வரும். 1833-இல் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டியது. இடப்பக்கம் தண்ணீரோடு தண்ணீராக ஒரு தாழ்ந்த பாறை, அதன்மேல் ஓர் அடையாளக் கம்பம். அதற்கு லேடிஸ் ராக் என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டில் டூவார்ட் கோட்டையின் மெக்லீன் குலத் தலைவர் தன் மனைவியைக் கடல் வற்றியிருந்த நேரத்தில் அந்தப் பாறையில் விட்டுவிட்டு வந்ததாகவும், நீர் ஏறுவதற்குள் மீனவர்கள் அவரைக் காப்பாற்றியதாகவும் கதை. அந்த மனைவி காம்ப்பெல் என்ற இன்னொரு குலத்துப் பெண். மெக்லீனை 1523-இல் எடின்பரோவில் வைத்துக் கொன்றது காம்ப்பெல்கள்தான். பாறையைத் தாண்டியதும் அதே பக்கத்து முனையில் டூவார்ட் கோட்டையே தெரியும். பாழடைந்து கிடந்ததை 1911-இல் மெக்லீன் குலத்தவர் ஒருவர் திரும்ப வாங்கிப் புதுப்பித்தார். இந்த இடத்தில் நீரோட்டங்கள் சந்திப்பதால் கடல் சுழித்துக்கொண்டு ஓடும், அதையும் கவனியுங்கள்.

மல் தீவின் சாலை பெரும்பாலும் ஒற்றைத் தடம். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்குமிடத்தில் நிற்க வேண்டும். நடுவில் ஆடுகள் படுத்திருக்கும். வலப்பக்கம் பென் மோர் மலை, 966 மீட்டர், பெரும்பாலும் மேகத்துக்குள் இருக்கும்.

அயோனாவில் இறங்கியதும் எல்லோரும் நேராகப் பெரிய மடாலயத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் வழியிலேயே இருக்கும் கன்னியர் மடத்தில் சற்று உட்காருங்கள். 1200 வாக்கில் கட்டியது. இன்று கூரை இல்லை, இளஞ்சிவப்புக் கிரானைட் சுவர்களும் அவற்றின் இடுக்குகளில் பூச்செடிகளும்தான். அனுமதிக் கட்டணம் கிடையாது.

அங்கிருந்து மடாலயம் மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரம்தான், ஏற்றமும் அதிகமில்லை. அயர்லாந்திலிருந்து கொலம்பா என்ற துறவி 563-இல் பன்னிரண்டு பேரோடு வந்து தொடங்கிய மடம் இது. வடக்கிலிருந்து கப்பலில் வந்த வைக்கிங் கொள்ளையர்கள் திரும்பத் திரும்பத் தாக்கினார்கள். 806-இல் மட்டும் 68 துறவிகள் கொல்லப்பட்டார்கள். பலர் அயர்லாந்தின் கெல்ஸுக்குப் போய்விட்டார்கள். இன்று டப்ளினில் இருக்கும் கெல்ஸ் நூலை, அதாவது ஓவியங்கள் நிறைந்த பழைய நற்செய்திக் கையெழுத்துப் பிரதியை, இந்தத் தீவில்தான் எழுதத் தொடங்கியிருப்பார்கள் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். இப்போது நிற்கும் கட்டடம் பின்னால் வந்த பெனடிக்ட் சபைத் துறவிகளுடையது. இடிந்து கிடந்த துறவியர் குடியிருப்பை 1938-இல் ஜார்ஜ் மெக்லியோட் என்ற போதகர், வேலையில்லாத கைத்தொழிலாளர்களையும் இளம் போதகர்களையும் சேர்த்துக்கொண்டு திரும்பக் கட்டத் தொடங்கினார். இந்த ஒரு செய்திக்காகவே எனக்கு அந்த இடத்தின்மேல் தனிப் பிரியம்.

வாசலில் நிற்கும் புனித மார்ட்டின் சிலுவையை மட்டும் தவறவிடாதீர்கள். எட்டாம் நூற்றாண்டில் நட்ட அதே இடத்தில் இன்றும் நிற்கிறது. ஒரே கல்லில் செதுக்கியது. மேற்குப் பக்கத்தின் நடுவில் குழந்தையோடு மரியாள், கீழே சிங்கங்களுக்கு நடுவே தானியேல், மகனைப் பலியிட வாளை ஓங்கும் ஆபிரகாம், இசைக் கலைஞர்களோடு தாவீது. கிழக்குப் பக்கம் முழுவதும் குமிழ்களும் அவற்றைச் சுற்றி நெளியும் பாம்புகளும். உருவங்கள் தேய்ந்துவிட்டதால் உச்சி வெயிலில் ஒன்றும் புரியாது. மதியத்துக்குமேல் வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து விழும்போது ஒவ்வொன்றாக எழும்பி வரும். நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உள்ள புனித யோவான் சிலுவை கான்கிரீட் நகல்தான், புயலில் உடைந்த மூலம் உள்ளே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அருகிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் 48 ஸ்காட்லாந்து அரசர்கள் புதைக்கப்பட்டதாக மரபு, மெக்பெத்தும் அவர்களில் ஒருவர் என்பார்கள். 1994-இல் மறைந்த பிரிட்டன் தொழிற்கட்சித் தலைவர் ஜான் ஸ்மித்தின் கல்லறையும் அங்கேதான்.

ஜூன் என்பதால் இன்னொன்று. வேலியோரப் புல்லுக்குள்ளிருந்து, சீப்பின் பல்லை நகத்தால் வருடுவது போல க்ரெக்ஸ் க்ரெக்ஸ் என்று ஒரு சத்தம் கேட்டால் அப்படியே நின்றுவிடுங்கள். அது கார்ன்கிரேக் பறவை. ஆப்பிரிக்காவிலிருந்து பறந்து வருகிறது. பிரிட்டனில் பெரும்பாலான இடங்களில் இது அற்றுப்போய்விட்டது, இங்கே இன்னும் இருக்கிறது. குஞ்சுகள் தப்பிக்கட்டும் என்று புல் அறுப்பதைத் தள்ளிப்போடும் விவசாயிகள் இருக்கிறார்கள். சத்தம் கேட்கும், கண்ணில் படுவது அபூர்வம்.

பெற்றோர் தேநீர் குடித்துக்கொண்டு இருக்கட்டும், உங்களுக்குத் தெம்பு இருந்தால் வடக்குக் கோடி வெள்ளை மணல் கடற்கரைக்கு ஓர் எட்டுப் போய் வாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் ஸ்டாஃபா அங்கிருந்தே தெரியும்.

சாப்பாட்டுக்குக் கப்பல் கேண்டீனில் சிப்ஸ், மக்ரோனி சீஸ் கிடைக்கும். ஓபன் துறைமுகத்தில் நண்டும் சிப்பியும்தான் பிரபலம். அதனால் புளிசாதம் கட்டிக்கொண்டு போவது நல்லது.

மிக முக்கியம்: ஃபின்னஃபோர்ட்டிலிருந்து ஓபன் கப்பலுக்கு இணைப்பாகப் போகும் கடைசி பஸ் எது என்று காலையிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பஸ்கள் குறைவு. தென்மேற்குக் காற்று பலமாக இருந்தால் அயோனா ஃபெரி நின்றுவிடும், ஆகவே கால்மேக்கின் அறிவிப்பையும் கிளம்புமுன் பாருங்கள்.

ஓபன் திரும்பிய பிறகும் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். களைப்பு இல்லையென்றால் ஊருக்கு மேலே வட்டமாகத் தெரியும் மெக்கெய்க் கோபுரத்துக்குப் போகலாம். படிகள் செங்குத்து, பெற்றோரை டாக்ஸியில் கூட்டிப் போங்கள்.