90 சதவீதம் போதுமா? தட்டம்மையும் ஒரு பள்ளியின் கணக்கும்

கேள்வி: எங்கள் பள்ளியில் 1,000 மாணவர்கள் பயில்கிறார்கள். அவர்களில் 900 பேருக்குத் தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணையும் போடப்பட்டுள்ளது. இப்போது ஒரு மாணவிக்குத் தட்டம்மை வந்திருக்கிறது. 90 சதவீதம் போதாதா? எத்தனை பேருக்குப் பரவும் என்பதைக் கணித மாதிரிகளைக் கொண்டு சொல்ல முடியுமா? (ஒரு தலைமையாசிரியர்)

பதில்: தட்டம்மையைப் பொறுத்தவரை போதாது. யாருக்குமே எதிர்ப்பாற்றல் இல்லாத ஓர் ஊரில் ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்கு நோய் தொற்றும் என்பதே பரவல் கணக்கின் அடிப்படை எண். தட்டம்மைக்கு அது 12 முதல் 18 வரை எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. நாம் 15 என்று வைத்துக்கொள்வோம். தடுப்பூசி நூற்றுக்கு 95 பேருக்குப் பலித்திருந்தால், ஊசி போடாத 100 பேரும் ஊசி பலிக்காத 45 பேருமாகத் தங்கள் பள்ளியில் காப்பற்றவர்கள் 145 பேர், அதாவது 14.5 சதவீதம். இதை 15ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2.2 வருகிறது. தங்கள் பள்ளியில் ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக இத்தனை பேருக்குத் தொற்றும்; இதுவே பரவல் எண். இந்த எண் ஒன்றுக்கு மேல் இருக்கும்வரை தொற்று வளரும். கீழே இறங்கினால்தான் தானாக அணையும்.

ஒன்று என்ற இந்த எல்லையை, அதாவது வாசல் எண்ணை, தெளிவாக நிறுவியவர்கள் நோய்ப் பரவலைக் கணிதத்தால் ஆராய்ந்த கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர். 1927இல் வெளியான அவர்களது கட்டுரை, 1905–06இல் பம்பாயைத் தாக்கிய பிளேக்கின் வாராந்தர மரணக் கணக்கைத் தங்கள் சமன்பாட்டின் வளைகோட்டோடு ஒப்பிட்டது. கோடு அழகாகப் பொருந்தியது. ஆனால் அவர்களது சமன்பாடு மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்க்கானது, அந்த பிளேக்கோ எலிகளின் வழியே பரவிய நோய் என்பதால், கோடு பொருந்திவிட்டது என்பதற்காகவே மாதிரியை நம்பிவிடக் கூடாது என்பதற்கும் அதுவே சான்று. எல்லோருக்கும் வந்து தீர்ந்த பிறகுதான் கொள்ளைநோய் அடங்கும் என்பதில்லை, காப்பற்றவர்கள் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைந்தாலே அது தளரத் தொடங்கும் என்பது அவர்கள் காட்டிய முக்கியமான முடிவு. தங்கள் பள்ளிக்கு அந்தக் கணக்கைப் போட்டால், எந்த நடவடிக்கையும் எடுக்காவிட்டால் 145 பேரில் சுமார் 120 பேருக்கு நோய் வரும். மீதிப் பேர் தப்புவார்கள்.

இந்த 120ஐ ஆரூடமாகக் கொள்ள வேண்டாம். தொற்று ஒரே ஒருவரிடமிருந்து தொடங்கும்போது தற்செயலுக்குப் பெரும் பங்கு உண்டு; எளிய மாதிரியின்படி, அது பரவாமலே அணைந்துபோகவும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. அப்படித் தப்பிய பள்ளிகள்தாம் பிறகு 90 சதவீதமே போதும் என்று நம்பிவிடுகின்றன. மேலும், எல்லோரும் எல்லோரோடும் சமமாகக் கலந்து பழகுகிறார்கள் என்று மாதிரி கருதிக்கொள்கிறது. ஊசி போடாத 100 பேரும் வகுப்புக்கு இருவர் மூவராகச் சிதறியிருப்பதும், ஒரே பகுதியிலிருந்து ஒரே வேனில் வருவதும் ஒன்றல்ல. இரண்டாவது நிலைமை பன்மடங்கு ஆபத்தானது. ஆகவே மொத்தச் சதவீதத்தைவிட, வகுப்புவாரியான பட்டியலே எனக்கு அதிகம் பயன்படும்.

பெற்றோர் கூட்டத்தில் எழப்போகும் ஒரு கேள்விக்கும் தாங்கள் ஆயத்தமாக இருப்பது நல்லது. நோயுற்ற 120 பேரில் 37 பேர் வரை ஊசி போட்டவர்களாகவே இருக்கக்கூடும். "அப்படியானால் ஊசியால் என்ன பயன்?" என்பார்கள். 900 பேரில் 37 என்பது நூற்றுக்கு நான்கு. ஊசி போடாதவர்களிலோ நூற்றுக்கு 83 பேர். நோயாளிகளை மட்டும் எண்ணினால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

இனிச் செய்ய வேண்டியது. மாதிரியை இங்கே திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். இதுவரை ஊசி போடாத 100 பேரில் 83 பேருக்கு ஊசி போட்டால் பரவல் எண் ஒன்றுக்குக் கீழே வந்துவிடும். அடிப்படை எண் 15 அல்ல, 18 என்றால் 95 பேருக்குப் போட வேண்டும். எண்ணில் இவ்வளவு ஐயம் இருப்பதால் எல்லோருக்கும் போடுவதே விவேகம். தொற்றியவரோடு பழகிய 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோயையே தடுக்க வாய்ப்புண்டு. ஆனால் தட்டம்மை தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே தொற்றும் என்பதால், அந்த மாணவியின் வகுப்பினருக்கு அந்தக் கெடு அநேகமாகக் கடந்திருக்கும். இப்போது போடும் ஊசி அடுத்த சுற்றைத் தடுக்கவே உதவும். அந்தச் சுற்று தெரியவர ஏறத்தாழ இரண்டு வாரமாகும். இடைப்பட்ட அமைதியைக் கண்டு நடவடிக்கையைத் தள்ளிப்போட வேண்டாம். மாணவியைத் தடிப்பு தோன்றிய பின் நான்கு நாள் கடக்கும்வரை வீட்டிலிருக்கச் செய்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இன்றே தெரிவித்து, ஊசி போடாதோர் பட்டியலையும் அவர்களிடம் ஒப்படையுங்கள்.