ஆளைக் கண்டதும் சிறுநீர் விடும் பயந்த நாய்: அதட்டல் ஏன் உதவாது?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் குடியிருக்கிறோம். சாலையோரம் கிடந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கிறோம். பெண் குட்டி, எட்டு மாதம் ஆகிறது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடிந்து வரும் என் கணவர் தலையைத் தடவக் குனிந்தால் போதும், தரையோடு ஒட்டிப் படுத்துச் சிறுநீர் விட்டுவிடுகிறது. மாமனாரின் குரல் கேட்டாலும் அப்படித்தான். மற்ற நேரங்களில் ஒழுங்காக முற்றத்துக்குப் போய்விடுகிறது. மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்த்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமனார். என்ன செய்யலாம்?

பதில்: மூக்கைத் தேய்க்க வேண்டாம். ஒரு முறைகூட வேண்டாம். முற்றத்துக்குப் போகத் தெரிந்த குட்டி, ஆளைக் கண்டால் மட்டும் இப்படிச் செய்கிறது என்றால் அது பழக்கக் குறைவோ திமிரோ அல்ல. குட்டிகள் பெரிய நாய்களிடம் இப்படித்தான் பணிவைக் காட்டும். காதைப் பின்னால் மடித்து, வாலைக் கால்களுக்கு இடையில் சொருகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சில சமயம் மல்லாந்து வயிற்றையும் காட்டிச் சிறுநீர் விடும். 'உன்னோடு எனக்குச் சண்டை இல்லை' என்பதுதான் பொருள். பெரிய நாய் பெரும்பாலும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். மனிதர்களோ அங்கேயே நின்று சத்தம் போடுகிறோம். தான் பணிந்தது போதவில்லை போலும் என்று குட்டி இன்னும் பணிகிறது, இன்னும் நனைகிறது. இதை அது வேண்டுமென்று செய்வதில்லை, அடக்கவும் அதனால் முடியாது.

உங்கள் கணவர் வரும் காட்சியை ஒரு முறை குட்டியின் உயரத்தில் உட்கார்ந்து பாருங்கள். நெற்றியில் கழற்றாத விளக்கு, உடையில் ரப்பர் பாலும் ஆசிட்டும் கலந்த வாடை, நேருக்கு நேர் பார்வை, மேலிருந்து கண்ணுக்கு மேல் இறங்கும் ஒரு கை. அவர் அன்பாகத்தான் குனிகிறார். பயந்த நாய்க்கு அந்தக் குனிதலே மிரட்டல்.

எனவே மாற வேண்டியது முதலில் மனிதர்களின் உடல்மொழி. வந்தவுடன் அவர் குட்டியைப் பார்க்காமல், பேசாமல், நேரே பின்பக்கம் போய்க் கைகால் கழுவட்டும். அது அடங்கி, தானாக அருகில் வரும்போது பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, வேறெங்கோ பார்த்தபடி கையைத் தாழ்வாக நீட்டட்டும். தலையைத் தொட வேண்டாம். தாடைக்கு அடியிலோ நெஞ்சிலோ இரண்டு நொடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடட்டும். குட்டி இன்னும் கேட்டு நெருங்கினால் தொடரலாம். இந்தச் சந்திப்பு வீட்டுக்குள் நடக்காமல் முற்றத்தில் நடப்பது நல்லது. அவர் நுழையும்போதே முள் நீக்கி அவித்த மீனையோ கோழியையோ சிறு துண்டுகளாகத் தரையில் தூவுவது எனக்கு மிகவும் பிடித்த வழி. மூக்கு தரையில் தேடலில் இருக்கும்போது பணிந்து படுக்கக் குட்டிக்கு நேரமிருக்காது. ஓய்வான வேளையில் தீனி கொடுத்து 'உட்கார்' என்பதையும் பழக்குங்கள். ஆள் வந்தால் என்ன செய்வதென்று தெரிந்த நாய் அவ்வளவு தடுமாறாது.

அதட்டாதீர்கள் என்று மாமனாரிடம் மருமகள் சொல்வது எளிதல்ல. கால்நடை மருத்துவர் சொன்னார் என்று இந்தப் பதிலையே படித்துக் காட்டுங்கள். அதோடு, சோற்றுக் கிண்ணத்தை வைக்கும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள். கிண்ணத்தை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தால் போதும். சோறு போடும் குரலுக்கு நாய் பயப்படுவது மெல்லக் குறையும்.

மீறிச் சிறுநீர் விட்டுவிட்டால் திட்டவும் வேண்டாம், கொஞ்சவும் வேண்டாம். விலகிப் போய்விட்டு, குட்டி நகர்ந்த பிறகு துடையுங்கள். பினாயில் வாடையை மூடுமே தவிர நீக்காது. செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவம்தான் நீக்கும். தண்ணீரைக் குறைத்து வைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழையில் வெளியே போக மறுக்கும் நாயின் சிறுநீர்ப்பை நிறைந்தே இருக்கும். கணவர் வரும் நேரத்துக்குச் சற்று முன்பு குடையைப் பிடித்தாவது முற்றத்துக்கு அழைத்துப் போய் வந்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தூங்கும்போது படுக்கை நனைவது, அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவது, சிறுநீரில் ரத்தம், அளவுக்கு மீறிய தாகம், இவற்றில் எது இருந்தாலும் அது பயம் சார்ந்ததல்ல. அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். சிறுநீர்ப்பாதைத் தொற்று என்றால் மருந்தில் சரியாகும்.

பெரும்பாலான குட்டிகளுக்கு ஒரு வயதை ஒட்டி இது தானாகவே நின்றுவிடும். சாலையில் கிடந்து மிரண்ட குட்டிக்கு இன்னும் சில மாதங்கள் கூடுதலாக ஆகலாம். நடுவில் மறுபடி நனைந்தால் மனம் தளராதீர்கள். இரண்டு வயதை நெருங்கியும் குறையவில்லை என்றால், பயத்தைத் தணிக்கும் மருந்து தேவையா என்பதை மருத்துவர் நேரில் பார்த்து முடிவு செய்வார். அதுவரை கிறிஸ்துமஸ், கல்யாணம் என்று வீடு நிறைய ஆட்கள் வரும் நாட்களில் குட்டியை முன்கூட்டியே பின்னறையில் தீனியோடு விட்டுவிடுங்கள். எல்லாரும் உட்கார்ந்த பிறகு கதவைத் திறந்து வையுங்கள்; அது தானாக வந்தால் வரட்டும். பிள்ளைகள் அதைச் சூழ்ந்து நிற்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.